எண்பத்தேழாவது போர்டு

2018 ஜனவரி 6, சனி

இன்று புது போர்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தேன். பழைய லாரியிலும் டிராக்டரிலும் கழற்றிய ஹெட்லைட் பல்புகள் இருபதை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி வைத்திருக்கிறேன். இருபதையும் என் போர்டு எரிய வைக்க வேண்டும். இதுதான் என் சோதனைக்கூடம். ராய்ஸ் கராஜுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "விமானம் ஏதும் இறங்கப் போவுதா?" என்று கேட்டான். செர்ரித் தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டால் இந்த அளவு ஆதரவுதான் கிடைக்கும்.

அவனுக்கு இதை எப்படி விளக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன், நன்றாக இருந்தது. பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் கழித்துக்கட்டும் பவர் சப்ளைகள் மலிவாகக் கிடைக்கின்றன. பிட்காயின் மாதிரிக் காசு தோண்டுகிறவர்கள் ஆறு கிராபிக்ஸ் கார்டுகளை ஒரு சட்டகத்தில் மாட்டி ரிக் என்கிறார்கள். பவர் சப்ளையின் வாய் ஒரு தினுசு, கார்டுகளின் வாய் வேறு தினுசு. நடுவில் உட்கார்ந்து நூறு ஆம்பியரை வாங்கிப் பதினாறு பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என் போர்டு. "அப்ப வாய்க்கால் மடை," என்றான் ராய்ஸ். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் பழம் தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்கு போர்டு வரைந்தேன். கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபோதுகூட நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவனுக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

போர்டுகளை மொத்தமாக வாங்கப்போகும் வேட் டோலெஃப்சன் கேட்டபடி திருகு ஓட்டை ஒன்றை நான்கு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறேன். பழைய இடம் அவருடைய சட்டகத்தில் பொருந்தவில்லை. அது ஒன்றுதான் மாற்றம்.

பத்து நிமிஷத்தில் பல்புச் சூடு தாங்கவில்லை. கராஜ் கதவை இடுப்பளவு தூக்கி வைத்தேன். ஆற்றுக்காற்று உள்ளே வந்த பிறகுதான் மூச்சு வந்தது. நான்கு மணி நேரம் ஓடியது. மிகச் சூடான இடம் 58 டிகிரி. பிளக்கின் பிளாஸ்டிக் 105 வரை தாங்கும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி மிச்சம். கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது, மறைப்பானேன்.

ஜனவரி 8, திங்கள்

140 போர்டுக்கு வரைபடத்தை அச்சடிக்கும் கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டது. இனி ஒரு கோட்டையும் திருத்த முடியாது.

பிப்ரவரி 3, சனி

ஒஃபீலியா ஒசூனா இந்த வாரம் முழுவதும் வந்த போர்டுகளில் ஈயத்தை உருக்கி பிளக்குகளுக்கு சால்டர் வைத்தாள். பழக் கிடங்கில் பதினைந்து வருஷம் செர்ரி பொறுக்கிய கை. ஓடும் பட்டையில் அழுகிய பழத்தைக் கண்ணைத் திருப்பாமலே எடுத்துப் போடுவாள். இப்போது சரியாகப் பிடிக்காத சால்டரை அதே மாதிரி பிடிக்கிறாள். நான் பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் அவள் போர்டைத் தள்ளி வைத்திருப்பாள்.

என்னை முதலாளியம்மா என்று கூப்பிடுகிறாள். இருவருக்கும் சரிபாதிப் பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகும் அப்படித்தான். "உங்க கராஜ், உங்க ஹீட்டர், உங்க காப்பி. அப்ப நீங்கதானே முதலாளி?" என்கிறாள். காப்பி கேவலமாக இருக்கிறது என்று சொல்ல அது மரியாதையான வழி.

ஒவ்வொரு போர்டின் முதுகிலும் வெள்ளை மையில் எண் போடுவது என் பழக்கம். எந்த எண் எங்கே போகிறது என்று நோட்டில் எழுதுவேன். வேட்டுக்கு 130, தபாலில் 9. மீதம் ஒன்று.

பிப்ரவரி 17, சனி

கண்காட்சி மைதானத்தில் ரேடியோ பொழுதுபோக்குக்காரர்களின் சந்தை. மேசைக்கு மேசை பழைய வால்வு, சுருள் கம்பி, வயசான ஆம்பளைங்க. நானும் ஒஃபீலியாவும் ஒரு மூலையில் உட்கார்ந்தோம். நான் சூப் வாங்கப் போன நேரத்தில், மீதமிருந்த 87ஐ ஒரு கிழவருக்கு விற்றுவிட்டாள். பெயர் கேட்டாயா என்றேன். "நல்ல முகம். பேரு எதுக்கு?" என்றாள்.

நோட்டில் 87க்கு எதிரே "நல்ல முகம்" என்று எழுதினேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

மார்ச் 1, வியாழன்

கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம், எனக்கு. முழுசாக எழுதிக்கொள்கிறேன்.

"அம்மணி, சந்தையில் வாங்கிய உங்கள் 87ஆம் எண் போர்டு ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிறது. ரிக்கை என் மனைவியின் அறையில் ஒரு மர அலமாரியில் வைத்திருக்கிறேன். காசு எவ்வளவு தோண்டுகிறதோ தெரியாது, அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. அதிலும் முதல் பிளக் இருக்கும் மூலை, அப்போதுதான் ஊற்றிய காப்பிக் கோப்பையைப் போல் கைக்கு இதமாக இருக்கிறது. அவள் கட்டிலைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. கைகளுக்கு இரத்தம் சரியாகப் போகாது, எந்நேரமும் கையுறைதான். அவற்றை அந்த மூலையில்தான் காய வைக்கிறோம். நன்றி. இப்படிக்கு, ஒரு கிழட்டு ரேடியோக்காரன்."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஆப்பிள்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை. பதில் எழுத முகவரி வேண்டுமே என்று உறையைத் தேடினேன். ராய்ஸ் அதை வைத்து அடுப்பு மூட்டிவிட்டான். எந்த உறை வந்தாலும் அவனுக்கு அது சுள்ளிதான். போகட்டும். கடிதத்தைச் சோதனை மேசைக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, திங்கள்

வேட்டின் கிடங்கில் 130 போர்டும் ஓடுகின்றன. ஒரு புகார் இல்லை.

மே 19, சனி

முதல் வெயில், 32 டிகிரி. வேட் காலையில் கூப்பிட்டார். ஒரு பிளக் கருகிவிட்டதாம்.

மலாகாவில் இருக்கும் அவருடைய கிடங்குக்குப் போனேன். அது பழைய ஆப்பிள் குளிர்க்கிடங்கு. குளிர் வெளியே போகாமல் இருக்க ஒரு முழத் தடிமனில் கட்டிய சுவர் இப்போது சூட்டை உள்ளே பூட்டி வைக்கிறது. எத்தனையோ விசிறிகள் இருந்தும் ரிக்குகளுக்குப் பின்னால் நின்றால் முகம் காய்கிறது. என் போர்டுகள் இருப்பதும் பின்னால்தான்.

எண் 31. முதல் பிளக் பழுப்பாகி, ஒரு ஓரம் உருகி வழிந்திருந்தது. வேட்டுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. "கேபிள்தான் மார்லிஸ். மலிவா கெடச்சுதுன்னு நான்தான் வாங்கினேன். உங்க போர்டைக் குத்தம் சொல்ல மாட்டேன்," என்றார். கேபிளைப் பார்த்தேன், மட்டமான கேபிள்தான். ஆமாம், கேபிளாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன்.

திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு நிம்மதி. இவ்வளவு நிம்மதி ஏன்? அதுதான் உறுத்துகிறது. பதினாறு பிளக்கில் முதல் பிளக் மட்டும் ஏன்?

மே 20, ஞாயிறு

கராஜ் கதவை அடைத்தேன். அடியில் இருக்கும் இடுக்கைத் துணி வைத்து மூடினேன். ராய்ஸின் பழைய ஹீட்டரையும் போட்டேன். உள்ளே 43 டிகிரி ஆனதும் இருபது விளக்குகளையும் எரியவிட்டேன்.

ஒரு மணி இருபது நிமிஷம். முதல் பிளக் 112. பிளாஸ்டிக் நாற்றம் வந்தது, அணைத்தேன்.

ஜனவரி நோட்டை எடுத்தேன். மிகச் சூடான இடம் 58. அதற்குக் கீழே, சோதனை நடந்த இடத்தின் வெப்பம் என்ற வரி. எதிரே வெறும் கோடு. எழுதவே இல்லை. ராய்ஸ் உறைபனிக்குப் பயந்து தினமும் தோட்டத்தின் சூட்டையும் குளிரையும் ஒரு நோட்டில் குறிக்கிறவன். அதைப் புரட்டினேன். ஜனவரி 6, மைனஸ் நான்கு.

மைனஸ் நான்கில், ஆற்றுக்காற்று நேராக போர்டுமேல் வீச, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தேறிவிட்டது தேறிவிட்டது என்று குதிச்சிருக்கே. எனக்குச் சூடா இருக்குன்னு கதவைத் திறந்தே. போர்டுக்கு யாரு கதவைத் திறப்பாங்க? என்ன பண்ணி வெச்சிருக்கே நீ, மார்லிஸ்.

காரணமும் தெரிந்துவிட்டது. நான்கு மில்லிமீட்டர் தள்ளிய அந்தத் திருகு ஓட்டை. மின்சாரம் உள்ளே நுழையும் செம்புப் பாதையை முதல் பிளக்குக்கு முன்னால் பாதியாகக் கடித்துவிட்டது. மொத்த நூறு ஆம்பியரும் அந்த இடுக்கில் நுழைந்து வர வேண்டும். இடுக்கு சூடாகிறது, பிளக் இளகுகிறது, இளகிய பிளக் சரியாகப் பிடிக்காமல் இன்னும் சூடாகிறது. நல்ல கேபிளாக இருந்தாலும் இது நடந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக.

ராய்ஸ் சொன்ன மடைதான். வாய்க்காலைக் குறுக்கினது நான்.

மே 21, திங்கள்

ஒஃபீலியாவிடம் சொன்னேன். 140ஐயும் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அவள், தொண்ணூறு போர்டு செய்து கை மரத்துப்போன நாளை நினைவுபடுத்தினாள். வேட்டே கேபிள் என்று சொல்கிறார், நாமாகப் போய் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். செர்ரிப் பருவம் இன்னும் மூன்று வாரத்தில், கிடங்கில் அவளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். எல்லாம் நியாயம்தான். நான் 112 என்று எழுதிய தாளைக் காட்டினேன்.

"ஒரு அழுகல் பட்டையில போச்சுன்னா பெட்டி முழுக்கக் கெடும். அது எனக்குத் தெரியாதா?" என்றாள் கோபமாக. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கார் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"போர்டைத் தூக்கிப் போட வேணாம். பாதை குறுகலா இருந்தா பைபாஸ் போடுவாங்க. தடி செம்புக்கம்பி ஒண்ணு, ஓட்டையைச் சுத்தி. முதல் ரெண்டு பிளக்கையும் மாத்திடலாம்."

மூன்று மணிக்கு ஒன்று செய்து பார்த்தோம். கதவு அடைத்து, 43 டிகிரியில், நான்கு மணி நேரம். 71.

வேலை எங்கள் இருவருக்கும் சரிபாதி, ஆனால் இந்த யோசனை முழுசாக அவளுடையது. இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 22, செவ்வாய்

வேட் கத்தினார். நிறுத்தினால் ஒவ்வொரு மணி நேரமும் தனக்கு நஷ்டம், காசு விலை வேறு இறங்குகிறது, கேபிள்தான் என்று தானே சொன்ன பிறகு ஏன் இப்படிக் குடைகிறேன் என்று. கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு 31ஐயும் தாளையும் அவர் மேசையில் வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். "ஓட்டையைத் தள்ளச் சொன்னது நான்தானே," என்றார்.

"கேட்டது நீங்க. வரைஞ்சது நான்."

தினமும் விடியற்காலையில் பத்துப் பத்தாக எடுத்துப் போகச் சம்மதித்தார். கதவுவரை வந்து, இனிமேல் கேபிளும் நானே வாங்கித் தர வேண்டும் என்றார். அது அவருடைய சமாதானம்.

ஜூன் 9, சனி

செர்ரி பழுத்து நிற்கும்போது மழை. விடிந்ததிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்க ஹெலிகாப்டர்கள், மரத்துக்கு மேல் தாழப் பறந்து பழத்தின்மேல் நிற்கும் தண்ணீரை ஊதித் தள்ளுகின்றன. ராய்ஸ் வானத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஈரம் ஏறிப் பழம் வெடித்துவிட்டால் வருஷம் போச்சு. நான் உதவிக்குப் போகவில்லை. போகச் சொல்லி அவனும் கேட்கவில்லை.

ஒஃபீலியா காலை ஐந்து முதல் ஒன்று வரை கிடங்கில் பழம், இரண்டு முதல் ஆறு வரை இங்கே போர்டு. விரல்கள் செர்ரிச் சாறில் கறுத்திருக்கின்றன.

இதுவரை 96. தபாலில் போனவற்றில் ஏழு வந்துவிட்டன.

ஜூன் 21, வியாழன்

139.

கடைசி பைபாஸை வைத்துவிட்டு ஒஃபீலியா சால்டர் இரும்பை அணைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பீர் எடுத்தோம். நோட்டை விரித்து ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டு வந்தேன். 86. 88. நடுவில், "நல்ல முகம்".

தலையை நிமிர்த்தினால் அந்தக் கடிதம். நான்கு மாசமாக என் கண்ணுக்கு நேராக. வேலை சலிக்கும்போதெல்லாம் படித்து, தெம்பு ஏற்றிக்கொண்ட கடிதம். முதல் பிளக் இருக்கும் மூலை. காப்பிக் கோப்பையைப் போல்.

அவர் பிப்ரவரியிலேயே எனக்குப் புகார் எழுதியிருக்கிறார். நான் அதைப் பாராட்டு என்று சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருக்கிறேன்.

மர அலமாரி. கம்பளிக் கையுறை. சட்டென்று எழுந்து ஓட முடியாத ஒரு பெண்ணின் அறை. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

ஒஃபீலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பீரைக் கீழே வைத்துவிட்டாள். "பேரு எதுக்குன்னு கேட்டேனே," என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு நான் ஒரு தாளை எடுத்து, யார் யாரைக் கேட்பது என்று எழுத ஆரம்பித்தேன். அழுகை எங்கேயும் ஓடிவிடாது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 23, சனி

தபால் நிலையம், கண்காட்சி மைதான அலுவலகம், மூன்று பழைய பொருள் கடைகள். எங்கும் தெரியவில்லை. கடைசியாக ரேடியோ சங்கத்தை நடத்தும் கார்ல்டன் வீட்டுக்கு நானும் ஒஃபீலியாவும் போனோம். எழுபது வயசு, வீட்டுக்கு மேலே வீட்டைவிடப் பெரிய ஆன்டெனா. ஒஃபீலியா கிழவரின் அடையாளம் சொன்னாள். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட சட்டை, காதில் கருவி. கார்ல்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க சங்கத்துல பாதிப் பேரு அப்படித்தாம்மா இருக்கோம்," என்றார்.

ஆனால் ஒரு வழி சொன்னார். தினமும் காலை ஏழு மணிக்கு சுற்று வட்டார ரேடியோக்காரர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் வருகை சொல்வார்கள். உடம்பு எப்படி, மழை எப்படி, யாருக்கு என்ன வேண்டும். இறந்துபோனால் தவிர யாரும் தவறுவதில்லையாம். அதில் சொல்லிப் பார்க்கலாம் என்றார். தானே சொல்கிறேன் என்றவரிடம், நான் சொல்ல வேண்டும் என்றேன். உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் மற்றவர் பேசலாம் என்று விதி இருக்கிறதாம்.

ஜூன் 25, திங்கள்

முதல் காலை. கார்ல்டனின் சமையலறையில் மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்ததைப் படித்தேன்.

"முதுகுல வெள்ளை மையில 87னு போட்ட போர்டு யார்கிட்டயாவது இருந்தா, முதல்ல சுவிட்சை அணைச்சிடுங்க. அப்புறம் கூப்பிடுங்க. அது தீப்பிடிக்கலாம். தப்பு உங்களது இல்ல, வரைஞ்ச என்னுது. என் பேரு மார்லிஸ் க்விக்ஸ்டாட், கிழக்கு வெனாச்சி."

இருபத்திரண்டு பேர் கேட்டதாகச் சொன்னார்கள். யாரிடமும் 87 இல்லை. தீப்பிடிக்கிற மாதிரி நான் விற்ற சாமான் வேறு ஏதாவது உண்டா என்று ஒருவர் குறும்பாகக் கேட்டார். கேட்கட்டும்.

ஜூலை 1, ஞாயிறு

ஏழாவது காலை. இல்லை. நாளையும் போவேன்.

ஜூலை 3, செவ்வாய்

கார்ல்டனுக்கே என்னைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. விற்றிருப்பார், ஊரைவிட்டுப் போயிருப்பார், அந்த ரிக்கை எப்போதோ நிறுத்தியிருப்பார் என்கிறார். இருக்கலாம். ஆனால் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிறது என்று எழுதியவர் அவர். வருகை தவறாத இந்த ஆட்களில் ஒருவர் மட்டும் ஏன் ரேடியோ பக்கமே வரவில்லை?

ஜூலை 5, வியாழன்

கிடைத்தது. இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினோராவது காலை. நான் படித்து முடித்து மைக்கை வைத்ததும் ஒரு குரல், ரொம்ப மெல்லிசாக. "எண்பத்தேழு என்கிட்டதான் இருக்கு." கார்ல்டன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "ஆர்வின்? உசிரோடதான் இருக்கியா?" என்றார். நான் மைக்கைப் பிடுங்கி, அணைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். அணைந்துதான் இருக்கிறது, நேற்று ராத்திரியிலிருந்து இங்கே கரண்ட் இல்லை என்றார் அவர். கரண்ட் வந்தாலும் போடாதீர்கள், சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள் என்றேன். மூன்று தடவை சொன்னேன்.

ஒஃபீலியா கிடங்கில் பாதியில் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, கோதுமை வயல்களைத் தாண்டி, வாட்டர்வில்லுக்கு அப்பால் ஒரு தனி வீடு. வாசலில் வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட சட்டை. நல்ல முகம்தான்.

ஆர்வின் ஸ்டாட்லர். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றால், ரிக் ஓடும்போது ரேடியோவில் ஒரே இரைச்சலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும். மனைவிக்குச் சூடு வேண்டும், அதனால் ரேடியோவை நிறுத்திவிட்டார். ஐம்பது வருஷப் பழக்கத்தை. நேற்று மேட்டில் இடி விழுந்து கரண்ட் போனது. இரைச்சல் இல்லையே என்று இன்று காலை பேட்டரியில் ரேடியோவைப் போட்டிருக்கிறார். போட்டதும் என் குரல்.

அவர் மனைவி டெல்லா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜூலை மாசத்தில் கம்பளிக் கையுறை. "நீங்கதான் போர்டுக்காரம்மாவா? வாங்க, வாங்க," என்றாள். தலைமாட்டிலிருந்து ஒரு கை நீளத்தில் அலமாரி.

முதல் பிளக் கழலவில்லை. போர்டோடு உருகி ஒட்டியிருந்தது. ஒஃபீலியா கத்தியால் நெம்பி எடுத்தாள். பின்னால் இருந்த மரப்பலகையில் கரிய வட்டம், நடுவில் தொட்டால் உதிர்ந்தது. மேல்தட்டில் இன்னொரு ஜோடி கையுறை காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றின் உள்ளங்கையில் பழுப்பாக ஒரு தீய்ந்த இடம். டெல்லா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஆர்வின் சிகரெட்டுன்னு அவரைத் திட்டினேன்," என்றாள்.

நான் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, ஜனவரி, கதவு. காப்பிக் கோப்பை என்று அவர் எழுதியதும், அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டதும். மன்னிப்புக் கேட்டேன். ஆர்வின் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு, பதினோரு நாளும் காலையில் இதைச் சொன்னேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காப்பி வைக்கப் போனார்.

புதிதாக வரைந்த போர்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஓட்டை பழைய இடத்தில், செம்பு இரட்டைத் தடிமன். எண் 141. மர அலமாரியை வெளியே தள்ளிவிட்டு இரும்பு அலமாரி வைத்தோம், கூரையில் புகை மணி மாட்டினோம். ரேடியோ இரைச்சலைக் குறைக்கக் கம்பிகளில் வளையம் போட்டோம். முழுசாகப் போகவில்லை, ஆனால் வருகை சொல்ல முடிகிறது.

திரும்பும்போது இறக்கத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஒஃபீலியா 87ஐ மடியில் வைத்திருந்தாள். முதுகில் இருந்த எண்ணைத் தடவிவிட்டு, "பேரு ஆர்வின். எழுதிக்குங்க," என்றாள்.

ஆகஸ்ட் 9, வியாழன்

41 டிகிரி. வேட்டின் கிடங்கில் ரிக்குகளுக்குப் பின்னால் 52. நூற்றுமுப்பதையும் அளந்தேன். மிகச் சூடானது 83. சோதனை இடத்தின் வெப்பத்தையும் எழுதினேன். கதவு அடைத்திருந்தது என்றும் எழுதினேன்.

நவம்பர் 27, செவ்வாய்

வேட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். காசு விலை விழுந்த வேகத்தில் கரண்டுச் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை. கிடங்குக்குள் நின்றேன். இத்தனை நாள் கத்திக் கத்திப் பேசிய இடத்தில் சாதாரணமாகப் பேசினோம். 130 போர்டையும் வரிசையாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றுகூடக் கருகவில்லை என்று அவரே சொன்னார். கிடங்கு மறுபடியும் ஆப்பிளுக்கு வாடகைக்குப் போகிறதாம்.

எங்களுக்கும் இனி ஆர்டர் இருக்காது என்று நினைத்தேன். மதியம் கார்ல்டன் கூப்பிட்டார். ரேடியோக்காரர்களுக்கும் பன்னிரண்டு வோல்ட்தான் வேண்டுமாம். இரைச்சல் இல்லாமல் ஒன்று வரைய முடியுமா, இப்போதைக்கு நாற்பது பேர் கேட்கிறார்கள் என்றார். கடையில் கிடைக்குமே என்றேன். "தன் தப்பைப் பதினோரு நாள் ரேடியோவுல சொன்ன பொம்பளையோட போர்டுதான் வேணுமாம்," என்றார்.

ஒஃபீலியாவிடம் சொன்னேன். எல்லார் பெயரையும் எழுதி வாங்கச் சொன்னாள்.

2019 ஜனவரி 5, சனி

ரேடியோ போர்டு, முதல் சோதனை. வெளியே மைனஸ் ஆறு. கராஜ் கதவு அடைத்து, ஹீட்டர் போட்டு, உள்ளே 43. வியர்த்துக் கொட்டியது, திறக்கவில்லை. ராய்ஸ் ஜன்னல் வழியாக ஐஸ் தண்ணீர் நீட்டினான். ஆறு மணி நேரம். 64.

ஜனவரி 24, வியாழன்

கடிதம் வந்தது. முழுசாக எழுதிக்கொள்கிறேன்.

"அம்மணி, ஒரு புகார். நீங்கள் மாற்றிக் கொடுத்த போர்டில் சூடே இல்லை. காசு தோண்டி ஒன்றும் தேறவில்லை, சூட்டுக்காகத்தான் ஓட்டுகிறோம். கார்டுகள் அறையைச் சூடாக்குகின்றன, ஆனால் அந்த முதல் பிளக் மூலை கதவுக் கைப்பிடியைப் போலச் சில்லென்று கிடக்கிறது. டெல்லா தினமும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுகிறாள். கையுறை காய வைக்க அவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையாம். பழைய போர்டைத் திருப்பிக் கேட்டு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள். ஆர்வின் ஸ்டாட்லர்."

ராய்ஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கையுறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவன் வாங்கிப் படித்தான். படித்துவிட்டுக் கடிதத்தை அவனே சோதனை மேசைக்கு மேலே, பழையதற்குப் பக்கத்தில் குத்தினான். அடுப்பு அணையும் நிலையில் இருந்தது. உறையை இரண்டாக மடித்து என் நோட்டுக்குள் வைத்துவிட்டு, விறகு எடுக்க வெளியே போனான்.